பூனை உள்ள வீட்டில் ஆமை: "ஓடு இருக்குத்தானே" என்று விடுகிற பிழைகள்

கோண்டாவிலில் அக்கா வீட்டு விறாந்தையில் நீலப் பிளாஸ்டிக் பேசின் ஒன்று. அதற்குள் நாலு விரல் தண்ணீர், ஒரு கல், இரண்டு குட்டி ஆமைகள். பெறாமகனின் பிறந்தநாளுக்கு வந்தவை. சோடாப் போத்தல் மூடியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஐந்தாம் நாள் காலையில் பேசினுக்குள் ஒன்றுதான் இருந்தது. மற்றது செருப்புத் தட்டுக்குக் கீழே மல்லாந்து கிடந்தது, ஓடெல்லாம் புழுதி. அக்காவின் பூனை கறுப்பி பக்கத்தில் இருந்து, ஒன்றும் அறியாததுபோலக் காலை நக்கிக்கொண்டிருந்தது.

அத்தான் எடுத்துப் பார்த்தார். இரத்தம் இல்லை, கால் நாலும் அசைந்தன. "ஓடு இருக்குத்தானே, ஒண்டும் செய்திராது" என்று கழுவித் திரும்பப் பேசினுக்குள் விட்டார். அன்றைக்கு அது நன்றாகச் சாப்பிட்டதும் உண்மை. ஒரு கிழமை கழித்துப் பின்னங்காலுக்கு மேலே ஓட்டின் விளிம்பு தடித்து வந்தது. மிருக வைத்தியர் கீறியபோது வெளியே வந்தது எங்களுக்கு வருகிற மாதிரியான சீழ் அல்ல. காய்ந்த தேங்காய்ப்பூப் போலக் கட்டி கட்டியாக வந்தது. ஊர்வனவற்றின் சீழ் அப்படித்தான் இறுகிப்போகும், தானாக வடியாது என்றார் அவர். இரண்டு நாளில் ஆமை செத்துப்போனது.

பூனையும் ஆமையும் உள்ள வீடுகளில் நடக்கிற பிழைகளில் முக்கால்வாசி அத்தான் சொன்ன அந்த ஒரு வசனத்தில் இருந்துதான் தொடங்குகின்றன. ஓட்டை நாங்கள் ஒரு சட்டியைப் போல நினைக்கிறோம். உள்ளே ஒரு பிராணி, மேலே கவிழ்த்த சட்டி. உண்மையில் ஆமையின் முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து பரந்துதான் அந்த ஓடாகின்றன. மேலே தெரிகிற செதில் மட்டும் எங்கள் நகம்போன்ற பொருள். அதற்குக் கீழே இருப்பது உயிருள்ள எலும்பு. அதில் இரத்தம் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது, தொட்டால் தெரிகிறது. குட்டிகளில் அந்த எலும்பு இன்னும் இறுகியிராது, விரலால் அமத்தினால் வளையும். பூனையின் பல்லுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஆபத்து வந்தால் ஆமை முழுதாக உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதும் பாதிதான் சரி. எங்கள் குளங்களில் உள்ள பாலாமைக்குப் பின்னங்காலை மூடுவதற்கு மடல் இருக்கிறது. கடையில் விற்கிற சிவப்புக் காது ஆமைக்கு அதெல்லாம் இல்லை. காலும் வாலும் விளிம்பில் வெளியேதான் நிற்கும். பூனையின் நகம் முதலில் போவதும் அங்கேதான்.

இரத்தம் வரவில்லையென்றால் காயம் இல்லை என்று நினைப்பது அடுத்த பிழை. பூனையின் பல் ஊசிபோல. துளை சின்னது, ஆழம் கூட. வாயில் உள்ள பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகளை உள்ளே விட்டுவிட்டு மேல்தோல் மூடிக்கொள்ளும். ஆமைக்கு உடம்பில் எல்லாமே மெதுவாக நடப்பதால் நோயும் மெதுவாகத்தான் வெளியே தெரியும். நாளைக்கே ஒன்றும் தெரியாது. ஒரு கிழமையில், சிலவேளை அதற்கும் பிறகு, சாப்பாட்டை விடும், கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூலையில் கிடக்கும். தெரிகிற நேரத்தில் வைத்தியம் பிந்திவிடும்.

ஆகவே பூனை வாயில் கவ்வியது என்று தெரிந்தால், காயம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். போகுமுன் பார்மசியில் விற்கிற சேலைனால் கழுவலாம். பொவிடோன் அயோடினைத் தண்ணீரில் கலந்து, வெறும் தேநீர் நிறத்துக்கு வந்ததும் காயத்தில் தொட்டுவிடலாம். நீராமையானாலும் உடனே தொட்டித் தண்ணீருக்குள் விடவேண்டாம். ஈரத் துணி விரித்த பெட்டியில் நிழலாக வைத்துக் கொண்டுபோங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் பூசாதீர்கள். வெடித்த ஓட்டை வீட்டில் பசை போட்டு ஒட்டவே கூடாது. கிருமியை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலை அது.

மருந்து என்றதும் ஒன்று. பூனைக்கும் நாய்க்கும் சொறிக்கு ஐவர்மெக்டின் ஊசி போடுவது இங்கே வழமை. "மிச்சம் இருக்கு, ஆமைக்கும் பூச்சிக்கு ஒரு துளி குடுப்பம்" என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். ஆமைகளுக்கு அது நஞ்சு. உயிரே போகலாம்.

பேசின் என்பது பூனைக்குச் சாப்பாட்டுக் கோப்பை

திறந்த பேசினில் ஆமை வளர்ப்பதுதான் நான் கண்ட அளவில் யாழ்ப்பாணத்தில் எல்லாரும் விடுகிற பிழை. பூனை கொடுமைக்காரப் பிராணி என்று சொல்ல வரவில்லை. அசைகிற சின்னப் பொருள், பக்கத்தில் தண்ணீர், அதில் மீன் மணம். பிறகு பூனை என்னதான் செய்யும்?

மீன் மணத்தைத்தான் பலர் யோசிப்பதில்லை. கிணற்றடியில் மீன் வெட்டினால் அயலில் உள்ள பூனையெல்லாம் வந்து வரிசையில் இருப்பது தெரிந்த விசயம். ஆமைக்கும் அதே சூடை மீன் துண்டைத்தான் போடுகிறோம். கடையில் வாங்குகிற குளிசைத் தீனும் பெரும்பாலும் மீன்மாவில் செய்ததுதான். மிச்சம் தொட்டியில் ஊறி மணக்கும். நாங்கள் இப்போது சாப்பாட்டை வேறொரு சின்னப் பேசினில், அறைக்குள் கதவைச் சாத்திவிட்டுக் கொடுக்கிறோம். இருபது நிமிடத்தில் தூக்கித் தொட்டியில் விட்டு, அந்தப் பேசினைக் கழுவி வைத்துவிடுவோம். தொட்டித் தண்ணீரும் நாறாது, பூனையும் முன்னைப்போலச் சுற்றிச் சுற்றி வருவதில்லை.

அடுத்தது மூடி. பயந்துபோய்க் கண்ணாடியால் மூடுவார்கள். வெயில் நேரத்தில் கண்ணாடி மூடிய தொட்டி அடுப்பாகிவிடும். இன்னொன்று, ஓடு இறுகுவதற்கு ஆமைக்கு வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் வேண்டும். யன்னல் கண்ணாடி அதன் பெரும்பகுதியை மறித்துவிடும். வெளிச்சம் வருகிறது, கதிர் வருவதில்லை. எனவே கம்பிவலைதான் நல்லது. அதிலும் கோழிக்கூட்டுக்கு அடிக்கிற அறுகோண வலை சரிவராது. கண் பெரிது, பூனை கையை விட்டுத் துழாவும், மேலே ஏறி இருந்தால் தொய்ந்து தொங்கும். அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் வாங்கி மரச்சட்டத்தில் அடித்து, கொளுக்கி போடுங்கள். கல்லைத் தூக்கி வைப்பதெல்லாம் பூட்டு ஆகாது. அந்தக் கல்லே உள்ளே விழுந்தாலும் விழும்.

ஆமை ஏறி வெயில் காய்கிற கல்லைத் தொட்டியின் ஓரத்தில் வைக்காமல் நடுவில் வையுங்கள். வலைக்கும் கல்லுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். பாதித் தொட்டிக்காவது எப்போதும் நிழல் வேண்டும். ஒரு தகரத்துண்டைவிடக் கிடுகு குளிர்ச்சி.

"பழகிவிட்டுதுகள்" என்ற நம்பிக்கை

ஆமையின் முதுகில் பூனை தலை வைத்துப் படுத்திருக்கிற வீடியோக்கள் கைபேசியில் தினமும் வருகின்றன. அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் பூனை சும்மா இருப்பது அன்றைக்குச் சும்மா இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. வயிறு நிறையச் சாப்பாடு வைத்தால் தொடாது என்பதும் பிழை. பூனைக்கு வேட்டை வேறு, பசி வேறு. நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தும் பல்லியைத் துரத்துவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். குட்டிப் பூனை உள்ள வீடு என்றால் இன்னும் கவனம். அது விளையாடத்தான் வரும், ஆமையைப் புரட்டிவிட்டு அடுத்த விளையாட்டுக்குப் போய்விடும்.

அந்தப் புரட்டல் சின்ன விசயம் இல்லை. ஆமையின் நுரையீரல் மேல் ஓட்டுக்குக் கீழே இருக்கிறது. மல்லாந்து கிடந்தால் உள்ளுறுப்பெல்லாம் அதன்மேல் அழுத்தும். முற்றத்து மணலில், சித்திரை வெயிலில் அப்படிக் கிடந்தால் சில மணித்தியாலத்தில் கதை முடிந்துவிடும்.

சரி, எங்கள் பூனை நல்ல பூனை என்றே வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுக்கு அந்த வீட்டுப் பூனை மட்டும் வருகிறது? இரவில் மதிலால் குதிக்கிற கடுவனுக்கு நீங்கள் என்ன பழக்கம் சொல்லிக் கொடுக்கப் போகிறீர்கள்? பகலில் காகம், வளவுக்குள் கீரி, இருட்டில் எலியும் மரநாயும். காகம் குட்டி ஆமையைக் கொத்தித் தூக்கிவிடும். பூனைக்கென்று போட்ட வலை இவை எல்லாவற்றுக்கும் உதவும். மாரியில் மட்டும் இன்னொரு வேலை இருக்கிறது. மழைக்கு எல்லாப் பூனையும் விறாந்தைக்குத்தான் ஒதுங்கும், தொட்டியும் நிரம்பி வழியும். ஒக்டோபர் தொடங்கினால் குட்டிகளை இரவில் அறைக்குள் எடுத்துவிடுவது நல்லது.

ஆமையாலும் பூனைக்குக் கெடுதி உண்டு. வளர்ந்த நீராமை நுழைத்த கையைக் கடித்துவிடும், மூக்கையும் கடிக்கும். அதைவிடப் பெரியது சல்மொனெல்லா. ஆரோக்கியமாகத் தெரிகிற ஆமையின் தண்ணீரிலும் அந்தக் கிருமி இருக்கலாம். அந்தத் தண்ணீரைப் பூனை குடிக்கும், பிறகு குசினி மேசையில் ஏறி நடக்கும். குழந்தைகள் ஆமையைக் கன்னத்தில் வைத்துக் கொஞ்சும். அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக் குட்டிகளைச் செல்லப்பிராணியாக விற்பதை 1975-இல் தடைசெய்தது இந்தக் கிருமிக்காகத்தான். தொட்டித் தண்ணீரைக் குசினித் தொட்டிக்குள் ஊற்றாமல் வாழையடியில் ஊற்றுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

வெளிநாட்டில் உள்ள எங்கள் ஆட்களில் சிலர் தரை ஆமை வளர்க்கிறார்கள். கனடாவில் இருக்கிற ஒரு மச்சாள் படம் அனுப்பியிருந்தாள். ஆமைக் கூட்டின் மேல்வலையில், வெப்ப விளக்குக்குப் பக்கத்தில் பூனை சுருண்டு படுத்திருக்கிறது. குளிர்நாட்டுப் பூனைக்கு வீட்டிலேயே சூடான இடம் அதுதான். விளக்கைச் சங்கிலியால் கட்டாவிட்டால் ஒருநாள் தட்டி விழுத்தி, வைக்கோலில் நெருப்புப் பிடிக்கும். தரை ஆமைக்குப் போட்ட மண்ணைப் பூனை தன் கக்கூஸாக்கிக்கொள்வதும் உண்டு. ஆமை அந்த மலத்தைத் தின்னும், அதிலுள்ள புழுக்களும் உள்ளே போகும். பூனைத் தீனும் தரை ஆமைக்கு ஆகாது. இலை தழை தின்கிற பிராணிக்கு அவ்வளவு புரதம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

தரை ஆமை என்றதும் ஊரில் உள்ளவர்களுக்கு நினைவில் வருவது நட்சத்திர ஆமை. பற்றைக்காட்டில் கண்டு எடுத்து வந்து, "பூனை கடிச்சுப்போடும், நாங்கள் வளர்ப்பம்" என்பார்கள். வளர்க்க முடியாது. 1937-ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட இனம். சர்வதேச வணிகத்துக்கும் 2019-இல் இருந்து முழுத் தடை. பாலாமையையும் கறுப்பாமையையும்கூட வீட்டில் வைத்திருக்கக்கூடாது. காயப்பட்ட ஒன்றைக் கண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று அம்மம்மா எதற்காகச் சொன்னாவோ தெரியாது, இந்த விசயத்துக்கு அது நன்றாகப் பொருந்துகிறது.

பூனைத் தொல்லை தாங்காமல் சிவப்புக் காது ஆமையை ஆரியகுளத்திலோ கோயில் கேணியிலோ விடுகிற யோசனையும் வேண்டாம். அது அமெரிக்க ஆறுகளின் பிராணி. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் உண்டு. எங்கள் பாலாமையின் சாப்பாட்டையும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். வாங்குமுன் யோசியுங்கள்: பெட்டை 30 சென்ரிமீற்றர் வரை வளரும், 30 வருடம் இருக்கும். இப்போது உள்ள பூனை அதற்கு முன் போய்விடும், அடுத்த பூனை வரும்.

அக்கா வீட்டில் மிஞ்சிய ஆமை இப்போது தேநீர்ச் சோசரின் அளவு. விறாந்தை ஓரத்தில் சீமெந்துத் தொட்டி, மேலே வலை. காலை எட்டு மணி வெயிலுக்குக் கறுப்பி வலைக்கு மேல் வந்து படுக்கும், கீழே கல்லில் ஆமை கழுத்தை நீட்டிக் கிடக்கும். இரவு கதவைப் பூட்டுமுன் அத்தான்தான் ரோச் அடித்துக் கொளுக்கியைப் பார்த்துவிட்டு வருகிறார்.