கந்துவட்டியும் அமெரிக்க உச்ச நீதிமன்றமும்: பெரெஸ் வழக்கைப் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூயார்க்கில் புதிதாக இறைச்சிக் கடை வைத்த ஒருவர் பெரெஸ் என்பவரிடம் 1,000 டாலர் கடன் வாங்கினார். வாரம் 105 டாலர், 14 வாரம். ஏறக்குறைய பாதி கட்டியபோது தவணை 130 ஆனது. மேலும் 2,000 வாங்கியபோது பேசிய 205, சில வாரங்களில் 330 ஆனது. முணுமுணுத்தவரிடம், கட்ட மறுத்த இன்னொருவர் ஆஸ்பத்திரியில் போய்க் கிடந்த கதையைச் சொன்னார் பெரெஸ்.

இதைப் படிக்கும் நம்மவர்கள், பெரெஸ் தண்டனை பெற்றது அநியாய வட்டிக்காக என்றே நினைக்கிறார்கள். தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வட்டி அளவையே குற்றமாக்குவதால் வரும் பழக்கம் இது. அமெரிக்காவில் வட்டிக்கு உச்சவரம்பு வைப்பது பெரும்பாலும் மாநிலங்களின் வேலை. 1968-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நுகர்வோர் கடன் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றமாக்கியது, கட்டாவிட்டால் அடி உதை என்ற மிரட்டலோடு கொடுக்கும், வசூலிக்கும் கடனை. அதில் வரும் ஆண்டுக்கு 45 சதவீத வட்டி என்ற எண்ணும் வரம்பு அல்ல. வேறு சில அடையாளங்களோடு சேர்ந்தால் சாட்சியாகும், அவ்வளவுதான்.

அடுத்த தவறுதான் பெரியது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்த அரசியலமைப்பு தந்த அதிகாரத்தை வைத்தே நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைச் செய்தது. கடன் ஒரே ஊருக்குள் முடிந்துவிட்டதே, மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் எங்கே என்று வழக்கறிஞர்களே தடுமாறுவதுண்டு. பெரெஸின் வாதமும் அதுவே. 1971-இல் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. தனி ஒரு கடனைப் பார்க்கத் தேவையில்லை. மிரட்டிக் கடன் கொடுக்கும் தொழில் முழுவதையும் ஒரு வகையாகப் பார்க்க வேண்டும் என்றது நீதிபதி டக்ளஸ் எழுதிய தீர்ப்பு. அந்தப் பணம் மாநில எல்லை பாராத குற்றக் கும்பல்களுக்குத் தீனி என்பதை நாடாளுமன்றம் விசாரித்தே சட்டம் செய்திருந்தது. ஆகவே அரசுத் தரப்பு ஒவ்வொரு வழக்கிலும் எல்லை தாண்டியதை நிரூபிக்க வேண்டியதில்லை.

மாறுபட்ட ஒரே நீதிபதி ஸ்டூவர்ட்டைக் கந்துவட்டிக்காரர்களின் ஆதரவாளராக்கிவிடாதீர்கள். எல்லாக் குற்றமும் நாடு தழுவியதுதானே, இதற்கு மட்டும் என்ன தனி என்றுதான் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி இன்றும் வலுவாகவே படுகிறது. பள்ளி அருகே துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்த மத்திய சட்டத்தை 1995-இல் லோபெஸ் வழக்கில் நீதிமன்றம் ரத்து செய்தபோது, அதே கவலை மேலே வந்தது.

லோபெஸ் தீர்ப்போடு பெரெஸ் தீர்ப்பு காலாவதியாகிவிட்டது என்று எழுதுவதும் தவறு. துப்பாக்கி வைத்திருப்பது பொருளாதாரச் செயல் அல்ல. கடன் கொடுப்பது பொருளாதாரச் செயல். 2005-இல் கலிஃபோர்னியாவில் மருத்துவத் தேவைக்கு வீட்டில் வளர்த்த கஞ்சாவுக்கும் மத்திய சட்டம் பொருந்தும் என்ற தீர்ப்பு, பெரெஸையே மேற்கோள் காட்டியது.