கடை லீஸில் ஆப்ஷன் காலத்தைக் கணக்கிடுவது எப்படி? நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா விதிகள்

ஆஸ்திரேலியாவில் கடைக்கு இடம் பிடிப்பவர்கள் முதலில் பார்ப்பது வாடகையை. ஆப்ஷனை, அதாவது லீஸ் முடிந்ததும் நீங்கள் விரும்பினால் அதை நீட்டித்துக்கொள்ளும் உரிமையை, பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். கடை லீஸ் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்கு உண்டா, இல்லையா என்பதையே அந்த ஆப்ஷன் மாற்றிவிடலாம். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. இங்கே இரண்டை மட்டும் பார்ப்போம்.

படி 1: கூட்டுங்கள்

லீஸின் ஷெட்யூலில் (விவரப் பட்டியலில்) ‘டெர்ம்’ (லீஸ் காலம்) ஒரு வரியில் இருக்கும், ‘ஃபர்தர் டெர்ம்’ (ஆப்ஷன் காலம்) இன்னொரு வரியில் இருக்கும். முன்னதில் 5 வருடம், பின்னதில் இரண்டு தடவை 5 வருடம் என்றால் 5+5+5, மொத்தம் 15. ‘இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் நீட்டிக்கலாம்’ என்று எழுதியிருப்பது ஆப்ஷனே அல்ல. உரிமையாளர் மறுக்க முடியாதபடி நீங்களே கேட்டுப் பெறக்கூடிய காலத்தை மட்டும் கூட்டுங்கள்.

படி 2: நியூ சவுத் வேல்ஸ் என்றால்

இங்கே 1994-ஆம் ஆண்டுச் சட்டம். கடையின் பரப்பு 1,000 சதுர மீட்டரைத் தொட்டாலே சட்டம் பொருந்தாது. அதற்குக் குறைவாக இருந்தால் மேலே படியுங்கள்.

ஆப்ஷன் இல்லாத 5 மாத லீஸ் சட்டத்துக்கு வெளியே. 6 மாதத்துக்குக் குறைவு என்பதால். அதே லீஸில் இன்னொரு 5 மாத ஆப்ஷன் இருந்தால் சட்டத்துக்குள் வந்துவிடும். பாப்-அப் கடைகளுக்கு (கொஞ்ச காலத்துக்கு மட்டும் போடும் கடைகளுக்கு) ஆப்ஷன் தர உரிமையாளர்கள் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ‘முடிந்ததும் புது லீஸ் போடலாம்’ என்பார்கள். அப்படி அடுத்தடுத்துப் போட்டு, இடைவெளியின்றி நீங்கள் ஓராண்டைத் தாண்டினாலும் சட்டம் பொருந்தும்.

மறுமுனையில் கணக்கு தலைகீழ். ஆப்ஷன்களையும் சேர்த்து 25 வருடமோ அதற்கு மேலோ வந்தால் சட்டம் விலகிக்கொள்ளும். 5 வருட லீஸும் நான்கு 5 வருட ஆப்ஷன்களும் சரியாக 25. தாராளமாகத் தெரியும் அந்தக் கடைசி ஆப்ஷன்தான் வில்லங்கம். அதை 4 வருடமாகக் குறைத்துக் கேளுங்கள். 24 வருடம் போதாத சிறு கடை அபூர்வம்.

படி 3: விக்டோரியா என்றால்

2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடை லீஸ், ஆப்ஷன்களோடு சேர்த்துக் குறைந்தது 5 வருடம் இருக்க வேண்டும். 3+2 சரி. 2+2 என்று கையெழுத்திட்டாலும் சட்டம் அதை 5 வருடமாக நீட்டிவிடும். குறைந்த காலமே போதும் என்றால், விக்டோரியச் சிறுதொழில் ஆணையத்திடம் அதற்கான சான்றிதழை நீங்கள் பெற வேண்டும்.

ஓராண்டுக்குக் குறைந்த லீஸுக்குச் சட்டம் பொருந்தாது. 364 நாள் லீஸ்கள் வருவது இதனால்தான். புதுப்பித்தோ தொடர்ந்தோ ஓராண்டு முழுதும் இருந்துவிட்டால் அன்றிலிருந்து பொருந்தும்.

படி 4: ஆப்ஷனைப் பயன்படுத்தும்போது மறுபடி பாருங்கள்

விக்டோரியாவில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஆப்ஷனைப் பயன்படுத்துவது சட்டத்தின் பார்வையில் புதுப்பித்தல். லீஸ் போட்ட நாளைப் போலவே அன்றும் ‘இது சட்டம் சொல்லும் கடைதானா?’ என்ற கேள்வி எழும். வாடகையும் இதர செலவுகளும் சேர்ந்து, ஜிஎஸ்டி நீங்கலாக, ஆண்டுக்கு 10 லட்சம் டாலரைத் தாண்டினால் சட்டம் பொருந்தாது. முதல் லீஸ் காலத்தில் 9 லட்சமாக இருந்தது, புதுப்பிக்கும்போது சந்தை வாடகை ஏறி 11 லட்சம் ஆகலாம்.

அப்போது முதலில் இடிப்பது நில வரி. சட்டத்துக்குள் இருக்கும்வரை உரிமையாளர் அதை உங்கள் தலையில் கட்ட முடியாது. வெளியே போனால், லீஸில் அப்படி ஒரு ஷரத்து இருந்தால் கட்டலாம். பழைய லீஸில் தூங்கிக் கிடக்கும் அந்த ஷரத்தை, ஆப்ஷன் கடிதம் அனுப்புவதற்கு முன்பே தேடிப்பிடித்து வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.