சொல் தாண்டும் கர்சர்: எடிட்டரில் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தமாக ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் எழுதிப் பார்ப்பவர்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த வசதிக்கு வந்து சேர்வார்கள். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு வலது அம்புக்குறியைத் தட்டினால் கர்சர் ஒரு சொல்லைத் தாண்டிப் போக வேண்டும். சால்வடோர் சான்ஃபிலிப்போ 2016இல் வெளியிட்ட கிலோ என்னும் எடிட்டர், சி மொழியில் ஏறக்குறைய ஆயிரம் வரிக்குள் அடங்குவது. அதை முன்மாதிரியாக வைத்துத் தங்கள் எடிட்டரைத் தொடங்கியவர்கள் ஏராளம். கிலோவில் இந்தக் கட்டளை இல்லை என்பதால் பலருக்கு இதுவே முதல் சொந்தச் சேர்க்கையாக அமைகிறது. இருபது வரியில் முடிகிற வேலை போலத் தெரியும். முடியவும் செய்யும். பிறகு அந்த இருபது வரியை மாதக்கணக்கில் ஒட்டுப்போட வேண்டிவரும்.

பெரும்பாலான பிழைகளுக்கு வேர் ஒன்றுதான். விசையைப் பிடிக்கும் இடத்திலேயே கர்சரை நகர்த்தும் கணக்கையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் அதைத் தனியாகச் சோதிக்க முடியாது. பின்னால் 'சொல்லை அழி', 'சொல்லைத் தேர்ந்தெடு' என்ற கட்டளைகள் வரும்போது அதே கணக்கை மறுபடியும், கொஞ்சம் மாற்றி, கொஞ்சம் தப்பாக எழுத நேரும். உரையையும் இப்போதைய இடத்தையும் வாங்கிக்கொண்டு புதிய இடத்தை மட்டும் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷனை முதலில் எழுதுங்கள். திரை, விசை, கர்சர் எதுவும் அதற்குத் தெரியக் கூடாது.

அதை எழுதுவதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: கர்சர் எங்கெங்கே நிற்க வேண்டும் என்று தாளில் குறித்துக்கொள்வது.

எங்கே நிற்பது

இந்த ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்:

மொத்தம் = கூட்டு(விலை,வரி);

கர்சர் வரியின் தொடக்கத்தில் இருக்கிறது. விம் எடிட்டரின் சிறிய டபிள்யூ விசையை அழுத்திக்கொண்டே போனால், சமக்குறி, 'கூட்டு', திறப்பு அடைப்பு, 'விலை', காற்புள்ளி, 'வரி', கடைசியில் ஒட்டியிருக்கும் மூடும் அடைப்பும் அரைப்புள்ளியும் என ஏழு இடங்களில் நிற்கும். பெரிய டபிள்யூவுக்கு இடைவெளி மட்டுமே எல்லை. ஆகவே சமக்குறி, 'கூட்டு' என இரண்டே இடங்கள். ஈமாக்ஸ் எடிட்டரின் மெட்டா-எஃப் விசை, குறிகளைக் கண்டுகொள்ளாமல் ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் நிற்கும். அதன் கணக்கில் நான்கு.

மூன்றுமே சரிதான். தவறு எதுவென்றால், எதைத் தேர்ந்தெடுத்தோம் என்று தெரியாமலே மூன்றையும் கலந்துவிடுவது. விண்டோஸில் பழகியவர் கண்ட்ரோலுடன் வலது அம்பைத் தட்டினால் அடுத்த சொல்லின் தொடக்கத்தை எதிர்பார்க்கிறார். மேக்கில் பழகியவர் ஆப்ஷனுடன் அதே அம்பைத் தட்டினால் இப்போதைய சொல்லின் முடிவை எதிர்பார்க்கிறார். நானோ எடிட்டர் இதைப் பயனரின் விருப்பத்துக்கே விட்டு, 'முடிவில் நில்' என்று சொல்ல ஓர் அமைப்பைத் தந்திருக்கிறது. உங்கள் எடிட்டர் சிறியதாக இருந்தால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே கடைப்பிடியுங்கள்.

அடுத்து வகைகள். எழுத்துகளைச் 'சொல்லுக்கு உரியது, மற்றது' என்று இரண்டாகப் பிரிப்பவர்களின் எடிட்டரில் சமக்குறிமீதும் அடைப்புகள்மீதும் கர்சர் நிற்கவே நிற்காது. 'இடைவெளி, மற்றது' என்று பிரித்தால் மேலே உள்ள வரியில் 'கூட்டு' முதல் அரைப்புள்ளி வரை ஒரே தாவலில் போய்விடும். நிரல் எழுதுபவர்களுக்கான எடிட்டர் என்றால் இடைவெளி, சொல்லெழுத்து, குறி என மூன்று வகை வேண்டும். அடிக்கோடு சொல்லெழுத்தோடு சேரட்டும். இணைப்புக்கோடு எதில் சேரும் என்பது மொழிக்கு மொழி மாறும். லிஸ்ப்பிலும் சிஎஸ்எஸ்ஸிலும் அது பெயரின் பகுதி, சி-யில் கழித்தல் குறி. அதனால்தான் விம், விஎஸ் கோட் இரண்டுமே இந்தப் பட்டியலைப் பயனரே மாற்றிக்கொள்ள விட்டிருக்கின்றன. பெயரின் நடுவில் வரும் பெரிய எழுத்துகளிலும் நிற்கும் 'துணைச்சொல்' நகர்வைச் சிலர் முதல் நாளே இயல்பாக வைத்துவிடுகிறார்கள். என் கருத்தில் அது வேறு விசைக்கு உரிய வேறு கட்டளை.

பின்னோக்கிப் போவது கண்ணாடிப் பிம்பம் அல்ல

முன்னோக்கிப் போவதை எழுதி முடித்ததும், கூட்டலைக் கழித்தலாக மாற்றி ஒட்டினால் பின்னோக்கிப் போகும் கட்டளை கிடைத்துவிடும் என்று தோன்றும். கிடைக்காது. அடுத்த சொல்லின் தொடக்கத்துக்குப் போக, முதலில் இப்போதைய சொல்லைக் கடந்து பிறகு இடைவெளியைக் கடக்கிறோம். அதே வரிசையை அப்படியே திருப்பினால் கர்சர் முந்தைய சொல்லின் முடிவில் போய் நிற்கும். பின்னோக்கி வரும்போது வரிசை மாற வேண்டும்: முதலில் இடைவெளி, பிறகு சொல். பார்க்க வேண்டிய எழுத்தும் வேறு. முன்னோக்கி என்றால் கர்சரின் கீழே உள்ள எழுத்து, பின்னோக்கி என்றால் அதற்கு இடப்பக்கத்து எழுத்து.

இங்கேதான் சி-யில் எழுதுபவர்களைக் காத்திருக்கும் குழி ஒன்று இருக்கிறது. இடத்தைக் குறியில்லா எண்ணாக, அதாவது எதிர்ம எண்ணை ஏற்காத வகையாக, வைத்திருந்தால், பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் கழித்ததும் மிகப் பெரிய எண் வந்து நிற்கும். நினைவகத்தில் எங்கோ போய்ப் படிக்கத் தொடங்குவீர்கள். எழுத்தைத் தொடுவதற்கு முன்பு எல்லையைச் சரிபாருங்கள், அதுவும் ஒரே நிபந்தனையின் இடப்பக்கத்தில். கோப்பின் கடைசியிலும் இதே கவனம் வேண்டும்.

தமிழ் வரியில் ஓட்டிப் பாருங்கள்

ஆங்கிலத்தில் மட்டும் சோதிக்கப்பட்ட கட்டளை தமிழில் தடுக்கி விழுவதற்குக் காரணம், உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோட் தரத்தின் எழுத்து வகைப்பாடு. 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கு ஐந்து குறியெண்கள்: த, ம, இகரத்தின் துணைக்குறி, ழ, புள்ளி. கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் பதினைந்து பைட். இந்த ஐந்தில் த, ம, ழ மூன்றுதான் 'எழுத்து' என்ற வகை. துணைக்குறியும் புள்ளியும் 'குறி' (மார்க்) என்ற தனி வகையில் இருக்கின்றன; இது மேலே சொன்ன அடைப்பு, காற்புள்ளி போன்ற குறி அல்ல. பைத்தானில் 'இது எழுத்தா, எண்ணா' என்று கேட்கும் இஸ்ஆல்னம் இவ்விரண்டுக்கும் 'இல்லை' என்றே பதில் சொல்லும். ஜாவாவில் இதே கேள்விக்கும் அதே பதில்.

விளைவைப் பாருங்கள். 'சொல்லெழுத்துகளைத் தாண்டு, பிறகு மற்றவற்றைத் தாண்டு' என்ற விதியில் கர்சர் 'தம'வைத் தாண்டி, துணைக்குறியையும் தாண்டி, ழகரத்தின் முன்னால் சொல்லின் நடுவில் நிற்கும். சொல்லின் முடிவில் நிற்கும் விதி என்றால் இன்னும் மோசம்: மகரத்துக்கும் அதன் துணைக்குறிக்கும் நடுவே நிற்கும். அங்கிருந்து பின்னோக்கி அழித்தால் அநாதையாக நிற்கும் துணைக்குறி முன்னால் இருக்கும் எழுத்தில் ஒட்டிக்கொள்ளும், அல்லது புள்ளிவட்டத்தோடு திரையில் தெரியும். புள்ளியோ துணைக்குறியோ இல்லாத தமிழ்ச் சொல் அரிது. ஆகவே ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லிலும் இது நடக்கும்.

ஜாவாஸ்கிரிப்டில் வடிவத்தேடலுக்குப் பயன்படும் சொல்லெழுத்துக் குறியீடு இதைவிடக் கண்டிப்பானது. ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறெதையும் ஏற்காது. தமிழ்ப் பத்தி முழுவதும் அதற்குக் குறிகளின் குவியல்தான். யூனிகோட் எழுத்து வகையைச் சேர்த்துவிட்டுச் சிக்கல் தீர்ந்தது என்று விடுபவர்களும் உண்டு. குறி வகையையும் சேர்த்தால்தான் தீரும். 'க்ஷ' ஒரே வடிவமாகச் சேராமல் இருக்க இடையே வைக்கப்படும் அகலமில்லாப் பிரிப்பானும் சொல்லின் உள்ளேயே இருக்க வேண்டும், அது எழுத்தும் இல்லை குறியும் இல்லை என்றாலும்.

சி-யில் இன்னொரு வம்பு. பல கணினிகளில் எழுத்தின் இயல்பு வகை குறியுள்ள எண். தமிழ் எழுத்தின் பைட்கள் எல்லாம் 127ஐத் தாண்டியவை என்பதால் அவை எதிர்ம எண்களாகின்றன. அவற்றை அப்படியே, 'இது எழுத்தா' என்று பார்க்கும் இஸ்ஆல்ஃபா போன்ற ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று சி மொழியின் தரமே உறுதி தருவதில்லை. ஒரு கணினியில் ஒழுங்காக ஓடும், இன்னொன்றில் முறிந்து விழும். கொடுக்கும் முன் குறியில்லா எண்ணாக மாற்றுவது கட்டாயம்.

முழு யூனிகோட் நூலகத்தைச் சேர்க்க மனமில்லாதவர்களுக்கு ஒரு நாட்டு வைத்தியம்: 127க்கு மேற்பட்ட எல்லா பைட்டையும் சொல்லெழுத்தாகவே கொள்ளுங்கள். வளைந்த மேற்கோள்குறிகளும் நீளக்கோடும் பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் எந்தச் சொல்லும் நடுவில் உடையாது, எந்த எழுத்தின் பைட்டும் பிரியாது. அரைகுறையான யூனிகோட் ஆதரவைவிட இந்த எளிய பொய் மேல் என்பது என் எண்ணம்.

நூலகத்தைச் சேர்ப்பவர்கள் யூனிகோடின் 29ஆம் இணைப்பறிக்கை வகுத்திருக்கும் சொல் எல்லைகளைப் பெறுவார்கள். தமிழ்த் துணைக்குறிகளை அது ஒழுங்காகச் சேர்த்தே வைக்கிறது. ஆனால் அதன் எல்லை ஒவ்வொன்றும் கர்சர் நிற்கும் இடம் என்று எண்ணிவிடக் கூடாது. இடைவெளிக்கு இருபுறமும் அது எல்லை காட்டும். வடிகட்டாமல் எடுத்தால் ஒரு சொல்லுக்கு இரண்டு முறை தட்ட வேண்டியிருக்கும். தாய்லாந்து மொழி போலச் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாத மொழிகளுக்கு விதிகள் போதாது, அகராதி வேண்டும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

வரி முடிவும் வெற்று வரியும்

கிலோ போன்ற எடிட்டர்கள் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக வைத்திருக்கின்றன. வரி முறிப்பு எழுத்து உரையில் இருப்பதே இல்லை. ஆகவே வரியின் கடைசிச் சொல்லில் என்ன செய்வது என்று நீங்கள் சொன்னால்தான் அதற்குத் தெரியும். பலர் இதை மறந்துவிட, கர்சர் வரி முடிவில் சிக்கிக்கொள்கிறது. நினைவில் வைத்திருப்பவர்களோ வரி முறிப்பையும் சாதாரண இடைவெளியாகக் கொண்டு, நடுவில் இருக்கும் வெற்று வரிகளையெல்லாம் விழுங்கிவிடுகிறார்கள். கட்டுரை எழுதுபவருக்குப் பத்தி எல்லை கண்ணெதிரே காணாமல் போவது பிடிக்காது. விம் வெற்று வரியையும் ஒரு சொல்லாகவே எண்ணி அங்கே நிற்கிறது. பின்பற்றத்தக்க வழக்கம்.

அழிக்கும்போது இந்த எல்லை இன்னும் கூர்மையாக உறுத்தும். 'அடுத்த சொல் தொடங்கும் இடம்வரை அழி' என்பதை வரியின் கடைசிச் சொல்லில் அப்படியே நிறைவேற்றினால் அடுத்த வரி மேலே வந்து ஒட்டிக்கொள்ளும். விம் இதற்கு விதிவிலக்கு வைத்திருக்கிறது: நகர்வின் கடைசிச் சொல் வரி முடிவில் இருந்தால், அழிப்பு அந்தச் சொல்லோடு நின்றுவிடும். சொல்லை மாற்றும் கட்டளைக்கும் ஒரு விதிவிலக்கு: சொல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியை அது தொடாது. நகர்வும் அழிப்பும் ஒரே ஃபங்ஷனைப் பயன்படுத்தட்டும். ஆனால் எவ்வளவு அழிப்பது என்பதை அழிப்புக் கட்டளை கடைசியாகத் திருத்திக்கொள்ளட்டும். அழித்த சொல் ஒரே 'மீட்பு' அழுத்தலில் திரும்பி வர வேண்டும், எழுத்தெழுத்தாக அல்ல.

திரைப்பக்கம் இரண்டு விஷயங்களைக் கவனித்தால் போதும். கர்சர் தாவிய பிறகு கிடைமட்டச் சுருளை (ஸ்க்ரோல்) புதுப்பிக்க வேண்டும். மேலும் கீழும் போகும்போது எடிட்டர் நினைவில் வைத்திருக்கும் நெடுவரிசையையும் புதிய இடத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அடுத்த கீழ் அம்பில் கர்சர் பழைய இடத்துக்கு ஓடும்.

முனையம் அனுப்புவது ஒன்றல்ல

எடிட்டர் ஓடும் கட்டளைச் சாளரமான முனையம், தட்டும் விசையை பைட் தொடராக எடிட்டருக்கு அனுப்புகிறது. எக்ஸ்டெர்ம் என்னும் முனையத்தின் வழிவந்தவை கண்ட்ரோல்-வலது அம்புக்கு ஆறு பைட் அனுப்பும்: எஸ்கேப், சதுர அடைப்பு, 1, அரைப்புள்ளி, 5, பெரிய சி. நடுவில் உள்ள 5 ஒரு கூட்டுத்தொகை. ஒன்றோடு, ஷிஃப்டுக்கு 1, ஆல்ட்டுக்கு 2, கண்ட்ரோலுக்கு 4 எனக் கூட்டுகிறார்கள். எனவே ஆல்ட் என்றால் 3, ஷிஃப்டும் கண்ட்ரோலும் சேர்ந்தால் 6. மூன்று பைட்டோடு படிப்பதை நிறுத்திவிடும் எடிட்டரில் மிச்சமுள்ளவை தட்டச்சாகவே எண்ணப்பட்டு, கோப்பின் நடுவில் அரைப்புள்ளியும் 5ம் பெரிய சி-யும் வந்து உட்காரும். 'சொல் தாண்டினால் குப்பை விழுகிறது' என்ற புகாருக்கு அநேகமாக இதுதான் காரணம். தொடரை முழுவதும் படித்து, புரியாததைத் தூக்கி எறியும் நிரல் முதலில் வேண்டும்.

ஆர்எக்ஸ்விடி என்னும் முனையம் வேறொரு தொடரை அனுப்பும். மேக்கின் முனையம் ஆப்ஷன்-வலது அம்புக்கு எஸ்கேப்பும் சிறிய எஃப்பும் அனுப்பும். அங்கே கண்ட்ரோல்-வலது அம்பை அழுத்தினால் இயங்குதளமே அதைப் பிடித்துப் பணிமேடையை மாற்றிவிடக்கூடும். ஒரே கட்டளைக்கு இவற்றையெல்லாம் இணைத்துவிடுவதுதான் வழி.

என்ன சோதிப்பது

ஃபங்ஷன் தனியாக இருப்பதால் சோதனை சுலபம். எந்த இடத்தில் தொடங்கினாலும் முன்னோக்கிய நகர்வு கண்டிப்பாக முன்னேற வேண்டும், கோப்பின் முடிவில் மட்டும் நிற்கலாம். எந்த வகையிலும் சேராத ஓர் எழுத்து வந்து நிரலின் கண்ணி (லூப்) முடிவில்லாமல் சுற்றுவதை இது பிடித்துவிடும். நிற்கும் ஒவ்வோர் இடமும் முழு எழுத்தின் எல்லையாக இருக்க வேண்டும், துணைக்குறிக்கு முன்னால் இருக்கக் கூடாது. சொல்லின் தொடக்கத்தில் நிற்கும் வழியைத் தேர்ந்திருந்தால், முன்னோக்கி நின்ற இடங்களும் பின்னோக்கி நின்ற இடங்களும், கோப்பின் இரு முனைகள் தவிர, ஒன்றாக இருக்க வேண்டும். வெற்றுக் கோப்பு, இடைவெளி மட்டுமே உள்ள வரி, தமிழும் ஆங்கிலமும் எண்ணும் கலந்த வரி, ஒரே வரியாகச் சுருக்கப்பட்ட பெரிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு ஆகியவற்றில் ஓட்டிப் பாருங்கள். கர்சருக்குப் பின்னால் உள்ள உரை முழுவதையும் நகலெடுத்துத் தேடும் நிரல் அந்தக் கடைசிக் கோப்பில் திணறும்.

இதே ஃபங்ஷனைக் கடவுச்சொல் பெட்டியிலும் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அங்கே உள்ளதை முழுவதும் ஒரே சொல்லாகக் கொள்ளுங்கள். இல்லையென்றால், நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே கர்சர் நிற்கும் இடங்களை வைத்தே இடைவெளியும் சிறப்புக் குறிகளும் எங்கே இருக்கின்றன என்று பக்கத்தில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.