கன அடியில் ஆரம்பித்து கப்பில் முடியும் கணக்குத் தப்புகள்

சென்னை வால்டாக்ஸ் ரோட்டு மரக்கடையில் மரத்துக்கு விலை கன அடிக்குத்தான், சிலர் சி.எஃப்.டி. என்பார்கள், ரெண்டும் ஒன்றே. அடுப்பங்கரையில் லிட்டர், கப். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். மரத்தில் ஒரு அரிசிப் பெட்டி செய்ய இறங்கினால் தெரியும்.

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான்: ஒரு மீட்டர் 3.28 அடி, அதனால் ஒரு கன மீட்டரும் 3.28 கன அடி என்று போட்டுவிடுவது. நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் தனித்தனியாகப் பெருக்க வேண்டும், அப்படிப் பெருக்கினால் 35.3 கன அடி வரும். கன மீட்டருக்கு விலை சொல்லும் வெளிநாட்டு மரத்தில் இந்தத் தப்பைச் செய்தால் பத்து மடங்கு போச்சு.

அடுத்தது 144. கடையில் கனமும் அகலமும் அங்குலத்தில், நீளம் மட்டும் அடியில் இருக்கும்; மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுப்பார்கள். 5க்கு 3 நிலைச்சட்டம், 7 அடியில் ரெண்டு, மேலே மூன்றரை அடியில் ஒன்று என்றால் மொத்தம் 17.5 அடி. 5 × 3 × 17.5 ÷ 144 = 1.82 கன அடி. நீளத்தையும் அங்குலமாக மாற்றிவிட்டீர்களா, அப்போது 1728ஆல் வகுக்க வேண்டும். அப்புறம் போன் கால்குலேட்டரில் 7 அடி 10 அங்குலத்தை 7.10 என்று தட்டுகிறார்கள். 10 அங்குலம் 0.83 அடி, அதனால் அது 7.83. கிட்டத்தட்ட 9 அங்குலம் காணாமல் போகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டை வேறு.

அமெரிக்க வீடியோக்களில் சொல்லும் போர்டு ஃபுட் நம் கன அடியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். அந்த விலையை இங்கத்து விலையோடு நேராக ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ஒரு போர்டு ஃபுட் 2.36 லிட்டர், அவர்கள் கப்பில் ஏறக்குறைய பத்து. மற்றபடி நமக்கு அதனால் உபயோகம் இல்லை.

கப்பிலும் ஒரே அளவு கிடையாது. அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, மெட்ரிக் கப் 250, ரைஸ் குக்கரோடு வருவது பெரும்பாலும் 180. நாலு கப் ஒரு லிட்டர் என்பது 250க்கு மட்டும்தான் சரி. தலை தட்டி அளந்தீர்களா, கோபுரமாக அளந்தீர்களா என்பது அதற்கு மேல். உங்கள் டம்ளர் எவ்வளவு என்று தெரியவில்லையா, தராசில் வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள், ஒரு கிராம் ஒரு மில்லி. அரிசியை வைத்து இதைச் செய்யக் கூடாது, ஒரு லிட்டர் அரிசி 800 கிராம் அளவுக்குத்தான் நிற்கும்.

இப்போது பெட்டி. 25 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் போதாது, 31 லிட்டராவது வேண்டும். வெளி அளவு 24க்கு 12க்கு 10 அங்குலம் என்றால் 2880 கன அங்குலம், ஒன்றுக்கு 16.4 மில்லி, ஆக 47 லிட்டர், தாராளம் என்று தோன்றும். ஆனால் பலகை ஒரு அங்குல கனம். நாலு பக்கமும் அடியும் கழித்தால் உள்ளே 22க்கு 10க்கு 9, வெறும் 32 லிட்டர். மூட்டை விளிம்பு வரை வந்துவிடும், படியை உள்ளே விட்டு மூட இடமிருக்காது. உயரத்தை 12 அங்குலமாகச் சொல்லுங்கள், கிட்டத்தட்ட 40 லிட்டர் கிடைக்கும்.