480-க்குள் 500 போகாது: லேப்டாப் டிஸ்க் மாற்றும்போது எந்த மென்பொருள்?

சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் எனக்குச் சின்ன டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், மண்டகப்படி நோட்டீஸ் என்று ஓடும். இருப்பது ஒரே லேப்டாப். அதில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7, பாமினியும் வானவில்லுமாக நானூற்றுச் சொச்சம் எழுத்துரு, பதினான்கு வருடத்து வேலை. போன பங்குனியில், திருவிழா நோட்டீஸ் குவிந்துகிடந்த நேரம் பார்த்து அது படுத்துக்கொண்டது. ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம்.

"புது எஸ்எஸ்டி வாங்கிட்டு வாங்கண்ணே, விண்டோஸ் போட்டுத் தர்றேன், அரை மணி நேரம்" என்றான் எனக்கு வழக்கமாகப் பார்த்துத் தரும் தம்பி. எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க். அரை மணி நேரத்தில் விண்டோஸ் வரும், பேஜ்மேக்கர் வராது. அதன் சிடி கீறல் விழுந்து பல வருடம் ஆகிறது. முன்பு ஒருமுறை வேறொரு கடையில் ஃபார்மட் போட்டுவிட்டு, "டி டிரைவ்ல எல்லாம் பத்திரமா இருக்கு சார்" என்றார்கள். எழுத்துரு எல்லாம் சி டிரைவில் அல்லவா இருந்தது! அதனால் இந்தத் தடவை டிஸ்கை அப்படியே பெயர்த்து எடுப்பது என்று முடிவு செய்தேன்.

இதற்கு இரண்டு வழி. குளோன் என்பது ஜெராக்ஸ்: பழையதிலிருந்து புதியதற்கு நேராகப் போய்விடும், நடுவில் எதுவும் மிஞ்சாது. இமேஜ் என்பது பிளேட் போட்டு வைப்பது: டிஸ்க் முழுவதும் கோப்பாகி ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் உட்கார்ந்திருக்கும், எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம். பழைய டிஸ்க் நல்ல உடம்போடு இருந்தால் குளோனே போதும். நோயாளி என்றால் முதலில் இமேஜ்.

நோயாளியா இல்லையா என்று பார்க்காமல் மென்பொருள் தேடாதீர்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலை ஓட்டினால் நீலம், மஞ்சள், சிவப்பு என்று காட்டும். நிறத்தோடு நின்றுவிடாமல் கீழே 05, சி5 என்ற இரண்டு வரிகளையும் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள், அதாவது டிஸ்கின் சின்னச் சின்னக் கட்டங்கள். சி5 என்பது படிக்கத் திணறி, முடிவு தெரியாமல் நிற்பவை. எனக்கு சி5 வரியில் 8 இருந்தது, நிறம் மஞ்சள். அந்த நிலையில் 'விண்டோஸின் செக் டிஸ்க் ஓட்டிச் சரிசெய்துவிட்டுப் பிறகு எடுப்போம்' என்று போகக்கூடாது. தள்ளாடும் ஆளை இன்னும் நாலு மாடி ஏறச் சொல்வது மாதிரி அது. டிக் டிக் என்று சத்தமே வந்தால் எந்த மென்பொருளும் வேண்டாம். அணைத்துவிட்டு, தரவு மீட்பவரிடம் கொண்டுபோங்கள்.

கெட்ட செக்டாரைச் சந்தித்ததும் நின்றுவிடுகிற மென்பொருள் என் போன்றவனுக்கு உதவாது. அதனால் குளோன்சில்லாவைப் பிடித்தேன். இலவசம். பென்டிரைவிலிருந்து பூட் ஆகும், விண்டோஸை எழுப்பவே தேவையில்லை. எக்ஸ்பர்ட் பயன்முறையில் ரெஸ்கியூ என்று ஒரு தெரிவு உண்டு. அதை வைத்தால் படிக்க முடியாத இடத்தைத் தாண்டிக்கொண்டு மேலே போகும். திரை பழைய ரயில்வே கவுண்டர் மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். பயமாகவே இருந்தால் ரெஸ்கியூசில்லா எடுங்கள். மவுஸால் இயக்கலாம், இமேஜும் குளோன்சில்லாவோடு ஒத்துப்போகும். சேதம் இன்னும் அதிகம் என்றால் ஜிஎன்யு டிடிரெஸ்கியூ. அது நல்ல பகுதியை முதலில் அள்ளிவிட்டுக் கெட்டதற்குக் கடைசியில் வரும். எதுவரை படித்தது என்று குறித்தும் வைத்துக்கொள்வதால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்தில் தொடரலாம்.

தொடங்குமுன் இரண்டு வேலை. விண்டோஸை ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக அது அரைத் தூக்கத்தில் கிடக்கும், குளோன்சில்லா முகத்தைத் திருப்பிக்கொள்ளும். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் முதலிலேயே எடுத்துவிடுங்கள். எடுக்க மனமில்லை என்றால் 48 இலக்க மீட்புச் சாவியையாவது தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கரண்ட். எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

இமேஜ் சுகமாக முடிந்தது. சறுக்கியது அதைப் புது எஸ்எஸ்டியில் இறக்கும் அடுத்த படியில். பழைய டிஸ்க் 500 ஜிபி, நான் வாங்கி வந்த எஸ்எஸ்டி 480. உள்ளே இருப்பதோ 180 ஜிபிதான், தாராளமாக இடம் போதும் என்று கணக்குப் போட்டேன். குளோன்சில்லாவுக்கு அந்தக் கணக்கு கிடையாது. புதிய டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ பெரியதாகவோ இருக்க வேண்டும் என்பது அதன் இயல்பான விதி. விண்டோஸ் கண்ணுக்குப் பழையது 465, புதியது 447. அந்தப் பதினெட்டு ஜிபியில் மாட்டிக்கொண்டேன். சி டிரைவைச் சுருக்கிப் பார்க்கலாம்தான். ஆனால் டிஸ்கின் வால்பகுதியில் ரெக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸ் மீட்புக்கான தனிப் பகுதி) உட்கார்ந்திருந்தால் அதையும் நகர்த்த வேண்டும். நோயாளி டிஸ்கில் அந்த விளையாட்டு எதற்கு? எஸ்எஸ்டியைத் திருப்பிக் கொடுத்து, வித்தியாசத்தைக் கட்டி 1 டிபி வாங்கினேன். மிஞ்சிய இடத்தைத் தனி டிரைவாக்கிக்கொண்டேன்.

உங்கள் டிஸ்க் ஆரோக்கியமாக இருந்து, சிறிய எஸ்எஸ்டிக்குத்தான் போகிறீர்கள் என்றால் மேக்ரியம் ரிஃப்ளெக்ட் வசதி. விண்டோஸுக்குள்ளேயே ஓடும், பார்ட்டிஷனைச் சுருக்கி வைக்க விடும். எடுத்த இமேஜை ஒரு டிரைவ் மாதிரித் திறந்து உள்ளே பார்க்கவும் முடியும். இதன் இலவசப் பதிப்புக்கு 2024 ஜனவரியோடு ஆதரவு நின்றுவிட்டது.

எஸ்எஸ்டி தயாரிப்பாளர்கள் தரும் நிரல்களையும் பாருங்கள். சாம்சங் நிரல் சாம்சங் எஸ்எஸ்டிக்கு மட்டும் எழுதும். குரூசியல், டபிள்யூடி, கிங்ஸ்டன் வாங்கினால் அக்ரோனிஸ் என்ற குளோன் மென்பொருளின் ஒரு பதிப்பு பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும், அந்தந்த கம்பெனி டிஸ்க் மாட்டியிருந்தால்தான் அது வேலை செய்யும். 'இலவசம்' என்று இறக்கச் சொல்லி, எல்லாக் கேள்வியும் கேட்டுவிட்டுக் கடைசிப் பொத்தானில் காசு கேட்கும் ரகங்களும் உண்டு. டிஸ்க் சாகக் கிடக்கும்போது அதனோடு மல்லுக்கட்ட நேரம் இருக்காது.

எந்த மென்பொருளானாலும் ஒரு இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்: எது மூலம், எது இலக்கு. குளோன்சில்லா எஸ்டிஏ, எஸ்டிபி என்றுதான் பெயர் காட்டும். பக்கத்தில் இருக்கும் மாடல் பெயரையும் அளவையும் விரல் வைத்துப் படியுங்கள். திசை மாறினால் காலி டிஸ்க் உங்கள் பதினான்கு வருடத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். நான் இரண்டு மாடல் பெயரையும் பழைய பத்திரிகை அட்டையின் பின்பக்கம் எழுதி எதிரே சாய்த்து வைத்திருந்தேன்.

முடிந்ததும் பழையதைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் உள்ளே மாட்டி முதல் பூட் பண்ணுங்கள். ஒரே அடையாள எண்ணோடு இரண்டு டிஸ்கும் சேர்ந்து இருந்தால் விண்டோஸ் குழம்பும். எனக்குப் பேஜ்மேக்கர் வந்தது, எழுத்துரு எல்லாம் வந்தது. ஒரே ஒரு காதுகுத்துக் கோப்பு மட்டும் திறக்கவில்லை, அந்த எட்டு செக்டாரில் சிக்கியது அதுவாகத்தான் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு இப்போது பத்து வயதாவது இருக்கும், யாரும் கேட்டு வரப்போவதில்லை. பழைய டிஸ்கைத் தேதி எழுதி இழுப்பறையில் போட்டேன். ஆடி முடியும்வரை அங்கேதான் கிடந்தது.