ஒரு தாலாட்டு, பல இனக் குரல்கள்: பினாங்கில் பாடகர் குழு அமைப்போருக்கு

பல இனத்தவர் சேர்ந்து பாடும் நிகழ்ச்சி என்றால் மலாய்ப் பாடல் ஒன்று, சீனப் பாடல் ஒன்று, தமிழ்ப் பாடல் ஒன்று என அடுக்கி, அந்தந்த இனத்தாரே பாடி இறங்குவது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. ஒரே பாடலை எடுத்து, அதன் எல்லாச் சொற்களையும் எல்லாரும் பொருளறிந்து பாடுவதே உறவை வளர்க்கும் என்பது என் உறுதியான கருத்து. மலாக்காவில் மலாய்க்காரர், பாபா நியோன்யா, செட்டி, போர்த்துகீசியர் ஆகிய நான்கு சமூகத்தாரும் பாடிவரும் டொண்டாங் சாயாங் என்னும் மரபுப் பாட்டு வடிவத்தை 2018இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. நமக்கு அருகிலேயே இருக்கும் நல்ல முன்மாதிரி அது.

முதல் பாடலாகத் தாலாட்டைத் தேர்ந்தெடுங்கள். பக்திப் பாடலைப் பாட முஸ்லிம் நண்பர்கள் தயங்கலாம். தாலாட்டில் அந்தச் சிக்கல் இல்லை, 'ஆராரோ ஆரிரரோ' என்ற அடியும் முதல் நாளிலேயே வாயில் பழகிவிடும். மெட்டு மோகன ராகத்தில் அமைந்தால் இன்னும் நல்லது. ச, ரி, க, ப, த என்னும் அதன் ஐந்து சுரங்களும் சீன நாட்டுப்பாடல்களில் பெரிதும் வழங்கும் ஐந்து சுரங்களே என்பதால், சீனப் பாடகர்களுக்கு அது வேற்றிசையாகத் தோன்றாது.

குரல் பகுதிகளைப் பிரிக்கும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும். மேற்கத்திய முறையில் பழகியவர்கள் பாடலின் முடிவில் பஞ்சமத்தின் (ப) மேல் 'செவன்த் கார்ட்' எனப்படும் ஏழாம் கூட்டுச் சுரத்தை வைப்பார்கள்; அதனுள் மோகனத்தில் இல்லாத நிஷாதமும் (நி) மத்யமமும் (ம) நுழைந்துவிடுவதால் மோகனம் அங்கேயே கலைந்துவிடும். ஆகவே பாஸ் எனப்படும் தாழ்ந்த ஆண் குரல்கள் சட்ஜத்தையும் (ச) பஞ்சமத்தையும் தம்புராவைப் போல நீட்டிப் பிடிக்கட்டும். ஆல்டோ என்னும் தாழ்ந்த பெண் குரலும் டெனர் என்னும் உயர்ந்த ஆண் குரலும் அந்த ஐந்து சுரங்களுக்குள்ளேயே நகரட்டும். சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தை இருபது பேர் ஒரே சீராக அசைக்க முடியாது. அதை ஒரு தனிக்குரலிடம் ஒப்படைத்துவிட்டு, மற்றவர்கள் நேர்ச்சுரமாகப் பாடுவதே அழகு.

உச்சரிப்புக்காக ரோமன் எழுத்தில் தாள் தயாரிக்கும்போது, மலாய் மொழியில் 'பெசார்' என்ற சொல்லிலும் 'மேஜா' என்ற சொல்லிலும் 'e' என்ற ஒரே எழுத்து இருவேறு விதமாக ஒலிப்பதை நினைவில் கொள்ளுங்கள். 'கண்ணே' என்பதன் இறுதி உயிரின் மேல் ஒரு கோடிட்டுக் காட்டாவிட்டால் மலாய் நண்பர் அதை விழுங்கிவிடக்கூடும். மலாயில் குறில், நெடில் வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை என்பதால், மெட்டமைக்கும்போதே நெடிலுக்கு நீண்ட சுரமும் குறிலுக்குக் குறுகிய சுரமும் கொடுத்துவிடுங்கள். ழகரத்துக்கு, நாக்கை உள்மடித்து அண்ணத்தைத் தொடாமல் நிறுத்தச் சொன்னால் போதும். மாண்டரின் பேசுவோரிடம் அதற்கு நெருங்கிய ஒலி ஏற்கெனவே இருக்கிறது.

பயிற்சிக்குப் பாலாய் ராயா போன்ற பொது மண்டபமே ஏற்றது. நோன்பு மாதத்தில் மாலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள்.

பதிவு நாளில் மின்விசிறிகளையும் குளிர்சாதனத்தையும் நிறுத்திவிட்டு, வியர்த்தாலும் ஒவ்வொரு சரணமாகப் பதிவு செய்யுங்கள். ஒலிவாங்கியைக் குழுவுக்கு முன்னால் இரண்டு, மூன்று மீட்டர் தொலைவில், தலைக்கு மேலான உயரத்தில் நிறுத்தினால் தனிக்குரல்கள் துருத்திக்கொண்டு தெரியா. வர இயலாதவர்கள் வீட்டில் காதொலிப்பானில் வழிகாட்டிப் பாடலைக் கேட்டபடி பாடி, கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பலாம். ஆனால் வாட்சாப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் ஒலித்தரம் குறைந்துவிடும், கோப்பாகவே அனுப்பச் சொல்லுங்கள்.

காணொளியில் இறுதிப் பாடலோடு, ஒருவர் மற்றவருக்குச் சொல்லின் பொருளை விளக்கும் பயிற்சிக் காட்சிகளையும் சேர்த்தால், பார்ப்பவருக்கும் பாடிப் பார்க்கும் ஆசை வரும். தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் வரிகளைக் கீழே இடுங்கள். மொழிபெயர்ப்பை அந்தந்த மொழி பேசும் பாடகரே பார்த்துத் திருத்தட்டும். வெளியிடுவதற்கு முன் எல்லாப் பாடகர்களின் ஒப்புதலையும், சிறுவர்கள் இருந்தால் பெற்றோரின் ஒப்புதலையும் எழுத்தில் பெறுங்கள். நாட்டுப்பாடலுக்கு ஆசிரியர் இல்லையென்றாலும் அதன் குரலமைப்பைச் செய்தவருக்கு உரிமை உண்டு. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அது அவர் மறைந்து 50 ஆண்டுகள் வரை நீடிக்கும் என்பதால், அவருடைய பெயரைக் காணொளியில் குறிப்பிட்டு, அனுமதிக் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள்.