விண்டோஸ் 11 ஸ்டார்ட் மெனுவில் நமக்கு வேண்டியதை மட்டும் வைப்பது எப்படி?

புதுக் கணினியில் முதல்முறை ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால், நாம் கேட்காத ஐகான்கள் வரிசையாக நிற்கும். விளையாட்டு, சமூக வலைத்தளம், படம் பார்க்கும் செயலி என்று எல்லாம் இருக்கும். தினமும் வேண்டிய டாலி என்ற கணக்கு மென்பொருளும், இ-கலப்பை அல்லது அழகி போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளும் மட்டும் தேடினால்தான் அகப்படும். இதை மாற்ற சில நிமிடம் போதும். ஆனாலும் எதையாவது எடுக்கப் போய் கம்ப்யூட்டரே கெட்டுவிடுமோ என்று பயந்து பலர் கை வைப்பதே இல்லை. அந்தப் பயத்தை முதலில் போக்கிவிடலாம்.

ஸ்டார்ட் மெனுவில் தெரியும் ஐகான் மென்பொருள் அல்ல. மென்பொருள் கணினியின் சேமிப்பகத்தில் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஐகான், அங்கே போகச் சொல்லும் ஒரு ஷார்ட்கட் மட்டுமே. தெருமுனையில் இருக்கும் வழிகாட்டிப் பலகையைக் கழற்றினால் ஊர் காணாமல் போகுமா? அதுபோலத்தான் இதுவும். ஒரு ஐகானை மெனுவிலிருந்து எடுத்தாலும் மென்பொருளும், அதில் நீங்கள் செய்து வைத்த கோப்புகளும் அப்படியே இருக்கும். வேண்டும்போது ஐகானைத் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. ஐகான் மேல் வலது கிளிக் செய்தால் வரும் பட்டியலில் 'அன்பின் ஃப்ரம் ஸ்டார்ட்' (Unpin from Start) என்றும் இருக்கும், 'அன்இன்ஸ்டால்' என்றும் இருக்கும். முதலாவது ஐகானை மட்டும் எடுக்கும். இரண்டாவது மென்பொருளையே அழித்துவிடும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் அவசரத்தில் மாற்றி அழுத்த வாய்ப்புண்டு. வரியை முழுதாகப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

மெனுவில் என்னென்ன இருக்கிறது

விசைப்பலகையில் விண்டோஸ் சின்னம் போட்ட விசையை அழுத்துங்கள். மேலே 'பின்டு' (Pinned) என்ற பகுதி இருக்கும். நாம் விரும்பியபடி வைக்கக்கூடியது இதுதான். அதன் கீழே 'ரெக்கமண்டட்' பகுதியில், சமீபத்தில் திறந்த கோப்புகளையும் புதிதாக நிறுவிய மென்பொருள்களையும் விண்டோஸ் தானாகவே காட்டும். கணினியில் உள்ள எல்லா மென்பொருளும் அடங்கிய முழுப் பட்டியல் 'ஆல்' என்ற பெயரில் இருக்கும்.

விண்டோஸ் 11-இன் எந்தப் பதிப்பு உங்களிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத் தோற்றம் கொஞ்சம் மாறும். முந்தைய வடிவத்தில் 'ஆல்' அல்லது 'ஆல் ஆப்ஸ்' என்பது வலது மேல் மூலையில் ஒரு பொத்தானாக இருக்கும். 2025 இறுதியில் வரத் தொடங்கிய புது வடிவத்தில் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும், கீழே உருட்டினால் முழுப் பட்டியலும் வந்துவிடும். நாம் செய்யப்போகும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

முதலில் வேண்டாததை எடுங்கள்

1. ஸ்டார்ட் மெனுவைத் திறந்து, வேண்டாத ஐகான் மேல் வலது கிளிக் செய்யுங்கள்.
2. 'அன்பின் ஃப்ரம் ஸ்டார்ட்' என்பதை அழுத்துங்கள். ஐகான் போய்விடும்.
3. அடுத்ததற்குப் போங்கள்.

புதுக் கணினியில் இருக்கும் ஐகான்களில் சில, மென்பொருளாக இன்னும் நிறுவப்பட்டே இருக்காது. கிளிக் செய்தால்தான் இணையத்திலிருந்து இறங்கும். 'இது என்னவென்று பார்ப்போமே' என்று அழுத்தினால் உங்கள் டேட்டாவும் செலவாகும், இடமும் போகும். தெரியாத ஐகானைத் திறந்து பார்க்காமலே அன்பின் செய்துவிடுங்கள்.

தயங்காமல் எடுங்கள் என்பதே என் யோசனை. மெனு காலியானாலும் பரவாயில்லை. இருப்பதோடு இன்னும் நாலைச் சேர்த்தால் கூட்டம்தான் கூடும். காலி செய்துவிட்டு ஒவ்வொன்றாக வைத்தால்தான் எது உண்மையில் தேவை என்று தெரியும்.

வேண்டியதை வையுங்கள்

1. 'ஆல்' பட்டியலுக்குப் போய் மென்பொருளைக் கண்டுபிடியுங்கள்.
2. அதன் மேல் வலது கிளிக் செய்து 'பின் டு ஸ்டார்ட்' (Pin to Start) என்பதை அழுத்துங்கள்.

பட்டியல் நீளமாக இருந்தால் தேட வேண்டாம். ஸ்டார்ட் மெனுவைத் திறந்த உடனே மென்பொருளின் பெயரைத் தட்டச்சு செய்யத் தொடங்குங்கள். இரண்டு மூன்று எழுத்திலேயே வந்துவிடும். தேடலில் வரும் பெயரை வலது கிளிக் செய்தாலும் 'பின் டு ஸ்டார்ட்' கிடைக்கும்.

புதிதாக வைத்த ஐகான் எப்போதும் வரிசையின் கடைசியில்தான் சேரும். முதல் பக்கம் நிரம்பியிருந்தால் அது கண்ணில் படாது. 'பின் பண்ணினேன், ஆனால் காணோம்' என்று பலர் திகைப்பது இதனால்தான். முந்தைய வடிவத்தில் பின்டு பகுதியின் மேல் சுட்டியை வைத்து உருட்டிப் பாருங்கள், அடுத்த பக்கத்தில் இருக்கும்; புது வடிவத்தில் அந்தப் பகுதியின் 'ஷோ ஆல்' என்பதை அழுத்துங்கள். அங்கே அதை வலது கிளிக் செய்து 'மூவ் டு ஃப்ரன்ட்' கொடுத்தால் முதல் இடத்துக்கு வந்துவிடும். மற்றபடி ஐகானை அழுத்திப் பிடித்து இழுத்து, விரும்பிய இடத்தில் விட்டுவிடலாம்.

மென்பொருளைப் போலவே ஃபோல்டரையும் இங்கே வைக்கலாம். தினமும் திறக்கும் ஃபோல்டரை வலது கிளிக் செய்து 'பின் டு ஸ்டார்ட்' கொடுங்கள். பில்களை ஒரே ஃபோல்டரில் போட்டு வைக்கும் கடைக்காரருக்கு, மென்பொருள் ஐகானைவிட இதுதான் அதிகம் பயன்படும். நிறுவாமலே நேரடியாக ஓடும் சிறு மென்பொருள்கள் 'ஆல்' பட்டியலில் வராது. அவற்றின் கோப்பு இருக்கும் ஃபோல்டருக்குப் போய், கோப்பின் மேலேயே வலது கிளிக் செய்து இதே முறையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கோப்பு டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடந்தால், முதலில் நிரந்தரமான ஓர் இடத்துக்கு மாற்றுங்கள். பின் செய்த பிறகு இடம் மாற்றினால் ஷார்ட்கட்டுக்கு வழி தெரியாமல் போய்விடும்.

ஒரே வகை மென்பொருள்களைச் சேர்த்து வைப்பது

விண்டோஸ் 11-இல் 2022-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து பின்டு பகுதியிலேயே குழு அமைக்கலாம். கைப்பேசியில் செய்வதுபோல ஓர் ஐகானை இழுத்து இன்னொன்றின் மேல் விடுங்கள். இரண்டும் ஒரு சிறு பெட்டிக்குள் போய்விடும். பெட்டியைத் திறந்தால் மேலே பெயர் எழுத இடம் இருக்கும். 'அலுவலகம்', 'பிள்ளைகள் பாடம்', 'ஸ்கேன் பிரிண்ட்' என்று தமிழிலேயே எழுதலாம். குழு வேண்டாமென்றால் உள்ளே இருப்பவற்றை வெளியே இழுத்துவிடுங்கள், பெட்டி மறைந்துவிடும்.

அடிக்கடி தொடும் மென்பொருளைக் குழுவுக்குள் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கிளிக் கூடுதலாகும். மாதத்துக்கு இரண்டு முறை திறப்பவற்றுக்குத்தான் குழு.

ரெக்கமண்டட் பகுதி: கடையில் கணினி வைத்திருப்பவர்கள் கட்டாயம் படிக்கவும்

பலபேர் வந்து போகும் இடத்தில் கணினி இருந்தால் இந்தப் பகுதியை அப்படியே விடக் கூடாது. ஜெராக்ஸ் கடையிலோ இ-சேவை மையத்திலோ ஒருவர் தன் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்துவிட்டுப் போகிறார். அடுத்தவர் எதிரே நிற்கும்போது நீங்கள் ஸ்டார்ட் மெனுவைத் திறந்தால், முந்தையவரின் கோப்புப் பெயர்கள் அங்கே பளிச்சென்று தெரியும். பெயர், ஊர், 'நகைக்கடன்' என்பது போன்ற விவரங்கள் கோப்புப் பெயரிலேயே இருப்பது சாதாரணம். நம்மை நம்பிக் கொடுத்தவரின் விவரத்தைக் காப்பது நம் பொறுப்பு. அதனால் இதை இன்றைக்கே செய்துவிடுங்கள்.

1. விண்டோஸ் விசையோடு ஆங்கில ஐ எழுத்தை அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும்.
2. இடப்பக்கம் 'பர்சனலைசேஷன்', அதற்குள் 'ஸ்டார்ட்'.
3. 'ஷோ ரெக்கமண்டட் ஃபைல்ஸ்' என்று தொடங்கும் நீளமான வரியைத் தேடி, அதன் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

அந்த வரியை முழுக்கப் படித்தால் ஒன்று புரியும். இந்தச் சுவிட்ச் ஸ்டார்ட் மெனுவோடு நிற்பதில்லை. ஃபோல்டர்களைத் திறந்து பார்க்கும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வரும் சமீபத்திய கோப்புகளும், திரையின் அடியில் உள்ள பட்டையான டாஸ்க்பாரில் ஐகானை வலது கிளிக் செய்தால் வரும் சமீபப் பட்டியலும் சேர்ந்தே நின்றுவிடும். கடைக் கணினிக்கு அது நல்லதுதான். வீட்டில் நேற்று எழுதியதை அங்கிருந்தே திறந்து பழகியவர்கள் மட்டும் யோசித்துச் செய்யுங்கள்.

இதே பக்கத்தில் புதிதாக நிறுவியவற்றைக் காட்டலாமா, அதிகம் பயன்படுத்துபவற்றைக் காட்டலாமா, குறிப்புகளும் புதுச் செயலிப் பரிந்துரைகளும் வரலாமா என்று தனித்தனிச் சுவிட்சுகள் இருக்கும். பரிந்துரைகளை நான் எல்லாக் கணினியிலும் அணைத்துவிடுவேன். முந்தைய வடிவத்தில் 'மோர் பின்ஸ்' என்ற தேர்வும் மேலே இருக்கும். அதைத் தேர்ந்தால் ரெக்கமண்டட் பகுதி சுருங்கி, ஐகான்களுக்குக் கூடுதல் வரிசை கிடைக்கும்.

கீழே 'ஃபோல்டர்ஸ்' என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குள் போய் டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், செட்டிங்ஸ் முதலியவற்றில் வேண்டியதை இயக்கினால், மெனுவின் அடியில் பவர் பொத்தானுக்குப் பக்கத்தில் அவை சின்னச் சின்ன ஐகான்களாக நிற்கும். பின்டு பகுதியில் இடம் பிடிக்காது. டவுன்லோட்ஸை மட்டுமாவது வைத்துக்கொள்ளுங்கள். இறக்கிய கோப்பு எங்கே போனது என்ற தேடல் அதோடு தீரும்.

பெயரைத் தமிழில் மாற்றலாமா?

மாற்றலாம். ஆங்கிலம் படிக்கச் சிரமப்படும் அம்மா அப்பாவுக்கு இது பெரிய உதவி.

'ஆல்' பட்டியலில் மென்பொருளை வலது கிளிக் செய்து, 'மோர்' என்பதற்குள் 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' அழுத்துங்கள். சில பதிப்புகளில் 'மோர்' இல்லாமல் நேரடியாகவே இருக்கும். திறக்கும் ஃபோல்டரில் அந்த மென்பொருளின் ஷார்ட்கட் இருக்கும். ஐகானின் இடது கீழ் மூலையில் சிறிய அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட்தான் என்று உறுதி செய்துகொள்ளலாம். அதை வலது கிளிக் செய்து பெயரை மாற்றுங்கள்: 'கணக்கு', 'கடிதம் எழுத', 'இணையம்'. அம்புக்குறி இல்லாத எதன் பெயரையும் தொட வேண்டாம்.

அந்த மென்பொருள் ஏற்கெனவே பின் செய்யப்பட்டிருந்தால், முதலில் அன்பின் செய்து, பெயரை மாற்றி, மறுபடி பின் செய்யுங்கள். குழப்பம் வராது. நிர்வாகி அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரலாம். கணினியைப் பயன்படுத்தும் எல்லாருக்கும் பொதுவான ஃபோல்டரில் ஷார்ட்கட் இருந்தால் அப்படிக் கேட்கும், 'கன்டின்யூ' கொடுக்கலாம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து இறக்கிய செயலிகளுக்கு 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' வராது, அவற்றின் பெயரை இந்த வழியில் மாற்ற முடியாது. மென்பொருளைப் புதுப்பிக்கும்போது பழைய ஆங்கிலப் பெயரில் ஷார்ட்கட் மறுபடி முளைக்கவும் கூடும். அப்போது திரும்ப ஒருமுறை மாற்ற வேண்டியதுதான்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு

பின், அன்பின் இரண்டும் அங்கேயும் இதே வலது கிளிக்கில்தான். ஐகானுக்குப் பதில் சதுரக் கட்டங்கள் இருக்கும். வலது கிளிக் செய்து 'ரீசைஸ்' மூலம் அவற்றைப் பெரிதாகவோ சிறிதாகவோ ஆக்கலாம். விண்டோஸ் 11-இல் இந்த வசதி இல்லை. பார்வை மங்கியவர்களுக்குப் பெரிய கட்டம் உதவியாக இருந்தது, எனக்கு இன்னமும் அது குறையாகத்தான் படுகிறது. ஆனால் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு பொதுவாக 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இணையத்தில் பணம் கையாளும் கணினியாக இருந்தால் மேம்படுத்துவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இடம் மாறியது பழக்கமில்லை என்பவர்களுக்கு

1995-இல் விண்டோஸ் 95-உடன் வந்த நாளிலிருந்து ஸ்டார்ட் பொத்தான் இடது மூலையில்தான் இருந்தது. 2012-இல் விண்டோஸ் 8 அதை எடுத்துவிட்டபோது உலகமெங்கும் எதிர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டே பொத்தான் திரும்பியது, 2015-இல் விண்டோஸ் 10-உடன் மெனுவும் முழுதாகத் திரும்பியது. விண்டோஸ் 11 அதைத் திரையின் நடுவே கொண்டுவந்து வைத்திருக்கிறது. பழைய இடமே வேண்டுமென்றால், செட்டிங்ஸில் பர்சனலைசேஷன், டாஸ்க்பார், 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' என்று போய், 'அலைன்மெண்ட்' என்பதில் 'லெஃப்ட்' தேர்ந்தெடுங்கள். அந்த நொடியே பொத்தான் மூலைக்குப் போய்விடும்.

ஒரே கணினியை வீட்டில் நாலு பேர் பயன்படுத்தினால், ஆளுக்கொரு கணக்கு தொடங்கிக் கொடுங்கள். பின் செய்தவை அந்தந்தக் கணக்கோடு இருக்கும். பிள்ளை தன் விளையாட்டை முன்னால் இழுத்து வைத்தாலும் உங்கள் டாலி அதே இடத்தில் இருக்கும்.